டேட்டா ஓடுது, லாகின்தான் ஆகல

ராத்திரி 2 மணி. ஒரு நோடு ரீபூட் ஆயிடுச்சு. அப்ளிகேஷன் எல்லாம் ஜோரா ஓடுது, ஆனா ஸ்டோரேஜ் கிளஸ்டருக்குள்ள எங்களால போக முடியல.

நெட்ஆப் ஓன்டாப்ல கிளஸ்டர் மேனேஜ்மென்ட் ஐ.பி. ஒரே நோடுல கட்டிப்போட்டது இல்லை. அந்த நோடு விழுந்தா இன்னொண்ணுக்குத் தாவிடும். எங்களுக்கும் தாவுச்சு. தாவின போர்ட்ல லிங்க் இருந்தது. ஆனா ஸ்விட்ச்ல சரியான வி-லான் போடல. போட்டாங்களான்னு நானும் பார்க்கல.

காப்பாத்தினது நோடு மேனேஜ்மென்ட் ஐ.பி. ஒவ்வொரு நோடுக்கும் ஒண்ணு உண்டு, அது அந்த நோடை விட்டு நகராது. அதையும் பழைய எக்செல் ஷீட்ல தேடித்தான் எடுத்தேன் (சிரிப்பு). அதுவழியா உள்ளே போய், கிளஸ்டர் ஐ.பி.யை வேற நோடுக்கு மாத்தினேன்.

இப்போ மெயின்டனன்ஸ் நேரம் கிடைச்சா, அந்த ஐ.பி.யை நானே ஒவ்வொரு நோடா நகர்த்தி, லாகின் ஆகுதான்னு பார்த்துடுவேன்.