கூச்சத்தை விடுவோம்: கர்ப்பகாலத்தில் வெள்ளைபடுதலும் கடியும்
(பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பாணைப் பொங்க வைக்கும் மதுவத்தைப் பற்றி நாங்கள் விஞ்ஞான வகுப்பில் படித்தோம். அதே வகையைச் சேர்ந்த கன்டிடா என்ற பங்கசு எங்கள் உடம்பிலும் வாழ்கிறது என்பதை ஒருவரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்க வெட்கம்.

அந்த வெட்கத்துக்கு எங்கள் தோழி ஒருத்தி விலை கொடுத்தாள். ஏழாம் மாதத்தில் அவளுக்குத் தாங்க முடியாத கடி. மாமியாரிடமும் சொல்லவில்லை, மருத்துவிச்சி அம்மாவிடமும் சொல்லவில்லை. டெற்றோல் கலந்த தண்ணீரால் கழுவிக் கழுவிப் புண்ணாக்கிக்கொண்டாள். கடைசியில் பரிசோதித்தபோது இரத்தத்தில் சீனியும் கூடியிருந்தது.

கர்ப்பகாலத்தில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு கூடுவதால் இந்தப் பங்கசு எளிதாகப் பெருகும். இது அசுத்தத்தால் வருவதல்ல, ஒழுக்கக் கேடும் அல்ல. கர்ப்பிணிக்கு வெள்ளைபடுதல் சற்றுக் கூடுவது இயல்பு. அது மெல்லியதாக, நிறமற்றோ பால் போன்றோ இருக்கும், கடி இராது. தயிர்க்கட்டி போலத் தடித்து, பெரும்பாலும் மணமில்லாமல் வெளியேறி, கூடவே கடி, எரிவு, சிவப்பு, வீக்கம், சிறுநீர் கழிக்கும்போது எரிவு ஆகியனவும் இருந்தால் பங்கசுத் தொற்றாக இருக்கலாம்.

மீன் மணத்துடன் சாம்பல் நிறமாகவோ, நுரையுடன் மஞ்சள் பச்சையாகவோ படுமானால் அது வேறு தொற்றாக இருக்கலாம், அதற்கு மருந்தும் வேறு. தண்ணீர் போல ஒழுகினால், இரத்தம் கண்டால், காய்ச்சலோ அடிவயிற்று வலியோ வந்தால் பொழுது விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. ஆகவே தீவார் நாங்கள் மற்றவர்களைவிட முந்திக்கொள்ளவேண்டும்.

பயப்படத் தேவையில்லை. இந்தத் தொற்று பொதுவாக வயிற்றுப் பிள்ளையைப் பாதிப்பதில்லை. குளோற்றிமசோல் போன்ற பூசும் மருந்தோ உள்ளே வைக்கும் குளிசையோ பெரும்பாலும் 7 நாட்களுக்குத் தருவார்கள். கடி குறைந்தாலும் இடையில் நிறுத்தக்கூடாது. வாயால் விழுங்கும் புளூக்கொனசோலைக் கர்ப்பிணிகள் தாமாக வாங்கிப் பாவிக்கக்கூடாது. திரும்பத் திரும்ப வந்தால் சீனியைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். பருத்தி உள்ளாடை அணியுங்கள். ஈர உடுப்போடு இருக்கவேண்டாம். உள்ளே கழுவவேண்டாம், வாசனைச் சவர்க்காரமும் வேண்டாம்.

1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாள்முதல் வளர்ந்த சேவையால்தான் இன்று மருத்துவிச்சி அம்மா எங்கள் படலைவரை வருகிறார். வீட்டுக்கு வருபவரிடம் வாய் திறந்து சொல்வது எங்கள் பொறுப்பு.

ரொறன்ரோவிலோ லண்டனிலோ நயினாதீவிலோ இருக்கும் தோழியரே, உங்கள் மகளிடமும் மருமகளிடமும் இதை இன்றைக்கே பேசுங்கள். எங்களுக்கு ஒருவரும் சொல்லாததை நாங்கள் அவர்களுக்குச் சொல்லுவோம்.