மாமியார் கொடுத்த அருவாமனை



கசாப்புக் கடையில் இறைச்சி கட்டைமேல் கிடக்கும், கத்திதான் ஏறி இறங்கும். மீன்காரம்மாவிடம் அது அப்படியே தலைகீழ். அருவாமனை அசையாது, மீன்தான் அதன் வாய்க்குப் போகும்.

வடசென்னை எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலைத் தொடுகிற முகத்துவாரத்தை ஒட்டி நெட்டுக்குப்பம் இருக்கிறது. மீனவர் சொத்து என்றதும் நமக்குப் படகும் வலையும் நினைவுக்கு வரும். நான் இன்று சொல்ல வந்தது பெண்கள் சொத்து. மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வருகிற அந்த அருவாமனை.

பலகையை ஒரு காலால் அழுத்திக்கொண்டு, இரண்டு கையாலும் மீனைப் பிடித்து ஆய்வதைப் பார்த்திருப்பீர்கள். வளைந்து நிற்கும் அலகில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வேலை. நுனி வயிற்றைக் கீற, நடுவளைவு துண்டு போட, பலகையை ஒட்டிய அடிப்பாகம் தடித்த எலும்புக்கு. மடவைக்கு முதலில் செதில் போக வேண்டும். கெளுத்தி என்றால் முதுகு முள்ளையும் இரண்டு பக்க முள்ளையும் வெட்டி எறிந்த பிறகுதான் மற்ற வேலை, குத்திவிட்டால் கை வீங்கிக் கடுக்கும். இதெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடைக்காத படிப்பு. அருவாமனையைக் கொடுக்கிறவரே இதையும் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்.

அலகு எவர்சில்வர் இல்லை, கரி சேர்ந்த எஃகு. லாரியில் கழித்துப் போட்ட ஸ்பிரிங் பட்டையை உலையில் காய்ச்சி, அடித்து, தோய்ச்சல் போட்டு அரிவாளாக்குவது நம் ஊர்க் கொல்லுப் பட்டறைகளில் வழக்கம். பாரத்தைச் சுமந்து வளைந்து நிமிர்ந்து பழகிய இரும்பு அது. கூரும் நன்றாகப் பிடிக்கும், சட்டென்று உடையவும் உடையாது.

எவர்சில்வரில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் குரோமியம் இருப்பதால் துரு எளிதில் அண்டாது. இந்த அலகுக்கு அந்தக் காவல் இல்லை. எண்ணூர் உப்புக்காற்றில், மீன் நீரோடு ஒரு ராத்திரி விட்டால் போதும், செம்மண்ணாகப் பூத்துவிடும். அன்றாடம் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். பலகை தண்ணீரில் ஊறி இற்றுப்போனால் ஆசாரியிடம் சொல்லி வேறு மாற்றிக்கொள்ளலாம். அலகு மட்டும் அதேதான். சாணை பிடிக்கப் பிடிக்க, நாலு விரல் அகலம் இருந்தது இரண்டு விரலாகத் தேயும். அப்படித் தேய்ந்துபோன இரும்பில்தான் பிள்ளைகள் படித்தார்கள், பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது, படகு கரையேறிக் கிடந்த நாட்களில் அடுப்பு எரிந்தது.

இப்போது அலகு இருக்கிறது, ஆற்று மீன்தான் குறைந்துவிட்டது. அனல்மின் நிலையங்கள் வந்தன. 2001-இல் துறைமுகம் வந்தது. சாம்பல் கொண்டுபோகிற குழாய்கள் கசிந்து ஆறு தூர்ந்தது. 2017 ஜனவரி 28-ஆம் தேதி துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையில் ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக ஆற்றில் கலந்தது. வலையும் படகும் கறுத்துப்போயின. எண்ணூர் மீனா என்று வாங்குகிறவர்கள் முகம் சுளித்தார்கள். வீட்டுப் படகில் வந்த மடவையையும் நண்டையும் கூடையில் எடுத்துப்போன பெண்கள், இருட்டோடு காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் எடுத்து வர வேண்டியதாகிறது. கையில் முதல் வேண்டும், ஐஸுக்கும் ஆட்டோவுக்கும் தனியாகக் காசு வேண்டும்.

2023 எண்ணெய்க் கசிவுக்குத் தமிழக அரசு 8 கோடியே 68 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அதில் 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய். படகுக்கென்று தனியாக ஒதுக்கியது நியாயம்தான். அருவாமனைக்கென்று எதுவும் இல்லை. இரும்புக்கு என்ன சேதம் என்று கேட்பீர்கள். இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. மீன் வராத நாட்களில் அதன்முன் உட்கார்ந்து பிழைக்கிறவருக்கு விற்ற காசும் இல்லை, வெட்டுக்கூலியும் இல்லை. அந்த நட்டம் யாருடைய கணக்கிலும் ஏறவில்லை.

குடும்பம் என்று மொத்தமாக எழுதும்போது இந்தப் பெண்ணின் தொழில் மறைந்துபோகிறது. அடுத்த முறை கணக்கெடுக்க வருகிற அதிகாரி, இந்தக் குப்பத்தில் எத்தனை படகு என்று கேட்கிற அதே மூச்சில், எத்தனை பேர் கூடை சுமக்கிறார்கள், எத்தனை பேர் மீன் ஆய்கிறார்கள், ஒரு நாள் தொழில் நின்றால் அவர்களுக்கு எவ்வளவு நட்டம் என்றும் கேட்டு, அந்தப் பெண்ணின் பெயரிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். அவர்கள் உட்கார்ந்து விற்கிற இடத்தில் ஒரு கூரையும் தண்ணீர்க் குழாயும் போட்டுத் தர வேண்டும்.