ஆயாவோட பேர் எந்த ரிஜிஸ்டர்ல இருந்துச்சு?

இன்னைக்கு டெக் பேசல, வீட்டு விஷயம்.

ஆம்பூர் பக்கம் பாட்டியை ஆயான்னுதான் கூப்பிடுவோம். என் ஆயா முப்பது வருஷம் தோல் ஷாப்புல கூலி வேலை பார்த்தவங்க. ஞாயிற்றுக்கிழமை தவறாம சர்ச். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷூ கம்பெனிக்குப் போற பொம்பளைங்களோட வீட்டு ஜெபக்கூட்டம். ஆனா ஞானஸ்நானம் மட்டும் வாங்கல. போதகர் கேட்டா, "பையன் படிச்சு முடிக்கட்டும் ஐயா"ம்பாங்க. பையன்னா எங்க அப்பா. அப்பா முடிச்சதும், "பேரப்பிள்ளை முடிக்கட்டும்." அது நான்.

இது புரியணும்னா 1950க்குப் போகணும். அந்த வருஷம் வந்த குடியரசுத் தலைவர் ஆணை பெரும்பாலும் இந்துக்களை மட்டும்தான் பட்டியல் சாதியா ஏத்துக்கிச்சு. 1956ல சீக்கியர்களையும், 1990ல பௌத்தர்களையும் சேர்த்தாங்க. கிறிஸ்தவங்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடமில்ல. தமிழ்நாட்டுல கிறிஸ்தவரா மாறின ஆதிதிராவிடர் பிசி பட்டியலுக்குப் போயிடுவாங்க. சர்ச் ரிஜிஸ்டர்ல தன் பேர் ஏறினா, பையனோட சாதிச் சான்றிதழுக்கு விசாரிக்க வர்ற விஏஓ என்ன எழுதுவாரோன்னு ஆயாவுக்குப் பயம்.

மதம் மாறினா சாதி போயிடும்ங்கிறதுதான் இந்த ஆணையோட லாஜிக். நிஜத்துல போகுதா? திருச்சி மேலப்புதூர்ல கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதி பிரிக்கச் சுவர் கட்டியிருக்காங்க. இந்தச் சலுகையைக் கிறிஸ்தவரா மாறினவங்களுக்கும் கொடுங்கன்னு 2023 ஏப்ரல்ல தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டுச்சு. அதனால ஆணை மாறிடல.

ஆயா மாதிரி ஆளுங்க நிறைய. சென்னை குருகுல் இறையியல் கல்லூரியில இருந்த ஹெர்பர்ட் ஹோஃபர் இவங்களைத் தேடிப் போய்ப் பேசி, 1991ல 'சர்ச்லெஸ் கிறிஸ்டியானிட்டி'ன்னு ஒரு புத்தகமே எழுதினார். இயேசுவைக் கும்பிடுறாங்க, ஞானஸ்நானம் வாங்கல. நம்பிக்கை குறைச்சல்னு இல்ல. குடும்பம், சொந்தபந்தம், பிள்ளைங்க கல்யாணம்னு ஆயிரம் கட்டு.

2024 நவம்பர் 26 அன்னைக்கு, புதுச்சேரி வழக்கு ஒண்ணுல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லுச்சு. ஞானஸ்நானம் வாங்கி, சர்ச்சுக்குத் தவறாமப் போய்க்கிட்டே, இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்துன்னு சொல்றது அரசியலமைப்பு மீதான மோசடின்னு. அதைப் படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல. என் சான்றிதழ்ல இந்து ஆதிதிராவிடர்னு இருக்கு. ஆயா ஞானஸ்நானம் வாங்கல. ஆனா என் இன்ஜினியரிங் சீட்டுக்கு யார் என்ன விட்டுக்கொடுத்தாங்கன்னு அந்தச் சான்றிதழ்ல இல்ல.

நான் மூணாவது வருஷம் படிக்கும்போது ஆயா போயிட்டாங்க. கல்லறைத் தோட்டத்துல இடம் கேட்டோம். ரிஜிஸ்டர்ல பேர் இல்லைன்னு சொல்லிட்டாங்க. நாற்பது வருஷமா அதே சர்ச் தரைல உட்கார்ந்தவங்களுக்கு. ரொம்ப நாள் அந்தக் கோபம் இருந்துச்சு.

ஆனா அமைப்பே வேணாம்னும் என்னால சொல்ல முடியல. வேலூர்ல 1900ல ஐடா ஸ்கடர் ஒத்தைக் கட்டிலோட ஆரம்பிச்சதுதான் இன்னைக்கு சிஎம்சி. ஆரம்பிச்சது ஒருத்தரோட நம்பிக்கை. அவங்க 1960ல இறந்த பிறகும் ஆஸ்பத்திரி நடக்குதுன்னா அது அமைப்பாலதான். அந்த அமைப்புக்கு ரிஜிஸ்டர் இல்லாம ஒரு நாள் ஓடாது. ரிஜிஸ்டருக்கு ஆயாவைத் தெரியாது, அவ்ளோதான்.

எங்க தெரு சுடுகாட்டுலதான் புதைச்சோம். போதகர் வரல. வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டப் பொம்பளைங்க அரை நாள் சம்பளத்தை விட்டுட்டு வந்தாங்க. அவங்கள்ல பாதிப் பேர் ஞானஸ்நானம் வாங்காதவங்க. அவங்கதான் ஜெபம் பண்ணாங்க, பாடினாங்க, மண் போட்டாங்க. சபைன்னா என்னன்னு யாராவது கேட்டா எனக்கு அந்த மத்தியானம்தான் ஞாபகம் வரும்.

இன்னும் ஒரே ஒரு வருஷம் இருந்திருந்தா நான் படிச்சு முடிச்சிருப்பேன். போதகருக்குச் சொல்ல ஆயாகிட்ட வேற சாக்கு இருந்திருக்காது.

உங்க வீட்லயும் இப்படி ஒரு ஆயா இருந்தா, வாய்ஸ் நோட் அனுப்புங்க. பேர் சொல்ல வேணாம். அடுத்த வாரம் பார்ப்போம்.