காவற் கருவிகளும் ஒரு தராசும்



காஞ்சிபுரம் காந்தி சாலையில் பட்டுக் கடைக்குள் நுழைகிறவர் பட்டைப் பார்ப்பதற்கு முன்பே, வாசலின் மேலுள்ள காமிரா அவரைப் பார்த்துவிடுகிறது. முன்பெல்லாம் கிட்டங்கிக்குக் காவல் என்றால் ஒரு திண்டுக்கல் பூட்டும், கைத்தடியோடு ஓர் இரவுக் காவற்காரருமே. 2019 ஆம் ஆண்டில் அத்திவரதர் தரிசனம் நடந்தபோது, வரதராசப் பெருமாள் கோயிலில் கூட்டத்தைக் கண்காணிக்கக் காமிராக்களும் அமர்த்தப்பட்டன. கருவிகள் பெருகுகின்றன, பெருகட்டும். ஆனால், பட்டுத் தொழிலின் பழைய காவற் கருவி தராசு என்பதைப் பலர் அறியார்.

நெசவாளருக்கு நூலை நிறுத்துக் கொடுப்பார்கள். சேலையையும் கழிவு நூலையும் நிறுத்து வாங்குவார்கள். எடை குறைந்தால் ஐயம் நெசவாளர் மீதுதான்.

நெசவு நிறுவனம் ஒன்றில் நான் காவற் பொறுப்பு வகித்த காலத்தில், முதியவர் ஒருவர் கார்த்திகை மழையில் நூல் பெற்றுச் சென்றார். குழித்தறியில் நீர் ஊறியதால் நெசவு தடைப்பட்டது. ஒரு பாவின் மூன்று சேலைகளும் முடிந்து கணக்குத் தீர்த்தபோது மாசி வெயில். பட்டு, நூறு கிராமுக்கு மூன்று கிராம் வீதம் குறைந்தது. கூலியில் பிடித்தம் செய்தோம், ஒப்பமிட்டவன் நானே.

சில நாட்கள் கழித்து, அதே கட்டில் மீந்திருந்த கழிகளைத் தற்செயலாக நிறுத்தேன். பூட்டிய பெட்டிக்குள் இருந்த அவையும் அதே அளவு குறைந்திருந்தன! பூட்டு உடையவில்லை, காமிராப் படத்தில் எவரும் இல்லை. திருடியது காற்று.

பட்டு ஈரத்தை உறிஞ்சும். வறண்ட காற்றில் அதை இழக்கும். முற்றிலும் உலர்த்திய 100 கிராம் பட்டை வணிகத்தில் 111 கிராமாகக் கொள்வது உலக வழக்கு. பிரான்சு நாட்டின் லியோன் நகரில், பட்டை உலர்த்தி எடை காண்பதற்கென்றே 1805 இல் ஒரு பொது நிலையம் ஏற்பட்டது. வாங்குபவனும் விற்பவனும் ஒருவரையொருவர் ஐயுற்றதன் விளைவு அது. நானோ காமிராக்களின் விலைப்பட்டியலைப் படித்த அளவுக்குப் பட்டைப் படிக்கவில்லை.

பின்னர், தராசின் அருகில் காற்றின் ஈரத்தை அளக்கும் கருவி ஒன்றை மாட்டினோம்; பேரேட்டில் அதற்கொரு பத்தியும் கீறினோம். அங்கிருந்த கருவிகளுள் மிக மலிவானது அதுவே.

பிடித்த கூலியை எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையத்தில் அந்தப் பெரியவர் வீட்டுக்குச் சென்றேன். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். "உள்ளே வாருங்கள்" என்று மட்டும் அவர் சொல்லவில்லை.