மூன்றாவது மூலை

கைக்கெட்டும் தூரத்தில் பழைய தாள் ஏதாவது இருக்கிறதா? காலண்டரில் நேற்றுக் கிழித்த தேதித்தாள் போதும். அதில் ஒரு முக்கோணம் வெட்டிக்கொள்ளுங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை, பக்கங்கள் மட்டும் நேராக இருக்கட்டும். இப்போது மூன்று மூலைகளையும் தனித்தனியே கிழித்து, அவற்றின் முனைகள் ஒரே புள்ளியில் தொடும்படி அடுத்தடுத்து வையுங்கள். அடியில் ஒரு நேர்கோடு வந்திருக்கும்.

நேர்கோடு என்றால் 180 பாகை. பக்கத்து வீட்டுப் பிள்ளை வெட்டும் முக்கோணம் ஊசிபோல் ஒல்லியாக இருந்தாலும் கணக்கு இதேதான். ஒரு மூலை விரிந்தால் மற்ற இரண்டும் சேர்ந்து அதற்கு ஈடாகக் குறுகியே ஆக வேண்டும். ஒரே முக்கோணத்தில் இரண்டு செங்கோணங்கள் இருக்க முடியாது. தொண்ணூறும் தொண்ணூறும் சேர்ந்தாலே 180 தீர்ந்துவிடும், மூன்றாவதற்கு மிச்சம் ஏது?

தாளைக் கிழிப்பதெல்லாம் நிரூபணம் ஆகாது என்பார் கணக்கு வாத்தியார். அவர் சொல்வது சரிதான். ஏறக்குறைய 2300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க அறிஞர் யூக்ளிட், முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு இணையாக, எதிர்மூலை வழியே ஒரு கோடு போட்டு இதை முறைப்படி நிறுவிவிட்டார்.

சரி, இதனால் யாருக்கு என்ன லாபம்? பரங்கிமலை வரை போய்வருவோம்.

1802 ஏப்ரல் 10. வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, பரங்கிமலை அருகே 100 அடி எஃகுச் சங்கிலியை நீட்டி நிலத்தை அளக்கத் தொடங்கினார். மறுமுனை பெரும்பாக்கம் குன்று. வெயிலில் எஃகு நீண்டுவிடுமே! அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, கூடார நிழலில் வைத்து, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து அளந்தார்கள். சுமார் ஏழரை மைல் நீளமுள்ள அந்த ஒரு கோட்டுக்கு 57 நாட்கள் ஆயின.

ஒரு கோட்டுக்கா இத்தனை பாடு? ஆமாம். முக்கோணத்தின் ஒரு பக்கம் துல்லியமாகத் தெரிந்தால் போதும். அதன் இரு முனைகளிலும் நின்று தொலைவில் உள்ள ஒரு குன்றைப் பார்த்து, இரண்டு கோணங்களை அளந்துகொள்ளலாம். மற்ற இரு பக்கங்களின் நீளமும் கணக்கிலேயே வந்துவிடும். ஏரியையும் காட்டையும் தாண்டிச் சங்கிலி இழுக்கத் தேவையில்லை. அப்படிக் கிடைத்த பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடித்தளம். இப்படி முக்கோணத்தோடு முக்கோணம் கோத்துக்கொண்டே தெற்கே குமரிமுனை வரை போனார்கள். லாம்டனுக்குப் பின் வந்தவர்கள் அந்தச் சங்கிலித்தொடரை வடக்கே இமயமலை அடிவாரம் வரை கொண்டுபோனார்கள்.

கோணம் அளக்கும் தியோடலைட் கருவி அரை டன் எடை. தஞ்சைச் சமவெளியில் ஏறி நின்று பார்க்கக் குன்று இல்லாததால், கோயில் கோபுரமே குன்றாயிற்று. 1808-இல் பெரிய கோயிலில் கருவியை மேலே ஏற்றும்போது அது மோதிச் சேதமடைந்தது. லாம்டன் தாமே உட்கார்ந்து அதைப் பழுதுபார்த்தார்.

இரண்டு கோணம் தெரிந்தால் மூன்றாவது தானே தெரிந்துவிடும் அல்லவா? இருந்தும் முடிந்த இடத்தில் எல்லாம் மூன்றையும் அளந்தார்கள். மூன்றாவது கோணம்தான் சாட்சி. மூன்றையும் கூட்டும்போது கணக்கு இடித்தால், கண்ணோ கருவியோ எங்கோ தவறியிருக்கிறது என்று பொருள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிழையே இல்லாமல் அளந்தாலும், பெரிய முக்கோணங்களில் விடை 180-ஐவிடத் துளி கூடுதலாக வரும். பக்கத்துக்கு 20 கிலோமீட்டர் என்றால், ஒரு பாகையை 3600 பங்காக்கி அதில் ஏறக்குறைய ஒரு பங்கு மிகும். காரணம், நாம் நிற்கும் தரை தாள்போலத் தட்டையானதல்ல. பூமியின் உருண்டை வடிவம் அந்த மூலைகளைச் சற்றே விரித்துவிடுகிறது. லாம்டன் அளக்க விரும்பியதும் அந்த வளைவைத்தான்.

நம்பச் சிரமமாக இருந்தால் ஒரு சாத்துக்குடியை எடுங்கள். உரிக்காமல் நடுவில் குறுக்கே வெட்டி, ஒரு பாதியைக் காம்பிலிருந்து நான்கு சம துண்டாக்குங்கள். ஒரு துண்டின் தோலைப் பாருங்கள், அதுவும் முக்கோணம்தான். ஆனால் மூன்று மூலையும் செங்கோணம்! இரண்டே இருக்க முடியாது என்று சற்றுமுன் சொன்னேனே, அது தாளுக்குச் சொன்னது. இந்தத் தோலை மேசைமேல் வைத்துத் தட்டையாக அழுத்திப் பாருங்கள். கிழியாமல் படியாது.