செவ்வாயைக் கண்ட இரவுகள்



செவ்வாய்க்கோள் ஏறத்தாழ 26 திங்களுக்கு ஒருமுறை புவியை அணுகி வருகின்றது. 2018 ஜூலையில் அது 5.76 கோடி கிலோமீட்டர் தொலைவில் நின்றபோது, முகில் விலகிய ஓரிரவில் காலனிக் குழந்தைகளை மொட்டைமாடிக்கு அழைத்தோம். எங்கள் எட்டு அங்குலத் தொலைநோக்கியில் தெரிந்ததோ மங்கிய செம்மஞ்சள் வட்டு மட்டுமே! கோள் முழுவதையும் புழுதிப்புயல் மூடியிருந்தது.

"ஒன்றுமே இல்லையே, மாமா!" என்றாள் ஒரு சிறுமி. ஏதோ இருப்பதாகக் கூறி அவளை மகிழ்விக்க நா எழுந்தது, அடக்கிக்கொண்டோம். 1877இல் ஸ்கியாபரெல்லி கண்ட கோடுகளைக் கால்வாய்களென நம்பினோர் பலர். 1965இல் மாரினர் 4 அனுப்பிய படங்களிலோ கால்வாய்கள் இல்லை, பள்ளங்களே இருந்தன. விருப்பம் கண்ணை ஏமாற்றும் அன்றோ?

2020 அக்டோபரில் மீண்டும் முயன்றோம். காற்றின் அசைவால் உருவம் நீரடியிற் கிடக்கும் காசுபோல் நெளிந்தது. ஆகவே ஆயிரக்கணக்கான படங்களைத் தொடர்ந்து எடுத்து, தெளிந்தவற்றை மட்டும் கணிப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். 1659இல் ஹைகன்ஸ் வரைந்த அதே சிர்ட்டிஸ் மேஜர் என்னும் கரும்பகுதி தோன்றிற்று!

நோய்த்தொற்றுக் காலமாதலின் அச்சிறுமி மாடிக்கு வர இயலவில்லை; படத்தை அனுப்பிவைத்தோம். "இப்பொழுது இருக்கிறது, மாமா" என்று விடை வந்தது. அன்று பொய்யுரைத்திருப்பின் இச்சொல்லை நாங்கள் பெற்றிருப்போமா?

செவ்வாய் அடுத்து அணுகுங்கால் மாடிக்கதவு திறந்திருக்கும். குடும்பத்துடன் வருக.