சட்டக் கல்லூரியில் முதல் ஆண்டு



கோயம்புத்தூரிலிருந்து மேற்கே சென்று வாளையாற்றைக் கடந்ததும், பாலக்காட்டுக் கணவாயில் அமைந்திருக்கும் ஊர் கஞ்சிக்கோடு. ஆலைகள் நிறைந்த ஊர். 2015-இல் தொடங்கப்பெற்ற பாலக்காடு ஐ.ஐ.டி.யும் இன்று அங்கேதான் இருக்கிறது. ஊர் கேரளத்தைச் சேர்ந்தது. பல வீடுகளில் பேச்சு தமிழ். அத்தகைய வீடு ஒன்றிலிருந்து ஒரு பெண் சட்டம் பயிலப் புறப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், சட்டக் கல்லூரியிலோ ஆங்கிலம். மும்பையிலும் பெங்களூரிலும் டில்லியிலும் வாழும் நேயர்களுக்கு இந்நிலை புதியதன்று. மலையாளத்தின் இடத்தில் மராத்தியோ கன்னடமோ இந்தியோ இருக்கும், வேறுபாடு அவ்வளவே. அப்பெண்ணுக்கு முதல் ஆண்டில் ஆசிரியரும் வீட்டாரும் எங்ஙனம் துணை நிற்கலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பள்ளியில் முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் சிலர், சட்டக் கல்லூரிக்குச் சென்ற சில வாரங்களில் கடைசி வரிசைக்குப் போய்விடுகிறார்கள். கேள்வி கேட்டால் பிறர் நகைப்பரோ என்ற அச்சம் வாயை அடைத்துவிடுகிறது. "ஆங்கிலம் போதவில்லை" என்று வீட்டார் கருதுகிறார்கள். அது பாதி உண்மைதான்.

மறு பாதியை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். 'கன்சிடரேஷன்' என்ற சொல்லை ஆங்கிலம் நன்கறிந்த மாணவனிடம் கேளுங்கள். ஆலோசித்தல் என்பான், அல்லது பரிவு என்பான். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் அதன் பொருள் வேறு. ஒருவர் தரும் வாக்குறுதிக்கு ஈடாக, அவர் விருப்பப்படி மற்றவர் செய்வதோ, செய்யாது விடுவதோ அது. தமிழில் 'மறுபயன்' என்கிறோம். அந்த ஆங்கிலச் சொல்லைக் கேட்டுத் திகைக்கும் மாணவனுக்கு, 'மறுபயன்' என்ற சொல் பொருளை உடனே காட்டிவிடுகிறது. ஆகவே சட்டத்தின் மொழி எல்லாருக்குமே புதிய மொழி. ஆசிரியர் இதனை முதல் வகுப்பிலேயே எடுத்துரைத்தால், கடைசி வரிசையில் பாதி அச்சம் நீங்கிவிடும்.

அடுத்தது, தீர்ப்பை வாசிக்கும் முறை. பள்ளிப் பாடத்தை மனப்பாடம் செய்து பழகிய பிள்ளை, நாற்பது பக்கத் தீர்ப்பையும் அவ்வாறே விழுங்க முயன்று களைத்துப்போகிறது. தீர்ப்பை வாசிப்போர் தமக்குள் நான்கு வினாக்களைக் கேட்டுக்கொள்ளவேண்டும். நடந்தது என்ன? நீதிமன்றத்தின் முன் நின்ற சட்டப் பிரச்சினை யாது? நீதிபதி எம்முடிவுக்கு வந்தார்? அம்முடிவைத் தாங்கி நிற்கும் காரணம் எது?

இதனைப் பழக்குவதற்குத் தொலைதூரத்து வழக்கைத் தேடவேண்டியதில்லை. கஞ்சிக்கோடு இருக்கும் அதே பாலக்காடு மாவட்டத்தில், பெருமாட்டி பஞ்சாயத்தைச் சேர்ந்தது பிளாச்சிமடை. அங்கே கொக்கோ கோலா நிறுவனத்தின் ஆலை 2000-இல் இயங்கத் தொடங்கியது. கிணறுகள் வற்றுகின்றன, நீர் கெடுகிறது என்று ஊரார் 2002-இல் போராட்டம் தொடங்கினர். அவர்களுள் தமிழ் பேசும் பழங்குடியினரும் உண்டு. 2003-இல் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. விவகாரம் கேரள உயர் நீதிமன்றத்தை அடைந்தது.

நடந்தது இது. பிரச்சினை யாது? தன் நிலத்தின் அடியிலுள்ள நீரை ஒருவர் எவ்வளவும் எடுக்கலாமா என்பது. 2003 டிசம்பரில் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுமக்களின் செல்வம், அரசு அதன் அறங்காவலர் என்று தீர்ப்பளித்தார். 2005-இல் இரு நீதிபதிகள் அமர்வு, நிலத்துக்கு உரியவர் நியாயமான அளவில் நீர் எடுக்க உரிமையுண்டு என்று கூறி, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை அனுமதித்தது. ஆலையோ 2004-இலேயே நின்றுவிட்டது. மீண்டும் தொடங்கும் எண்ணமில்லை என்று நிறுவனம் தெரிவிக்கவே, 2017-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது.

ஒரே நிகழ்ச்சி, இரு தீர்ப்புகள். இரண்டிற்கும் காரணங்கள் உண்டு. எக்காரணம் வலியது என்று வகுப்பை இரு கட்சியாகப் பிரித்து வாதிடச் செய்யலாம். முதலில் தமிழிலோ மலையாளத்திலோ நிகழ்ச்சியைச் சொல்லட்டும்; பிறகு அதனையே ஐந்து ஆங்கில வாக்கியங்களில் எழுதட்டும். வறண்ட கிணற்றைக் கண்டறிந்த பிள்ளை அன்றைக்குக் கடைசி வரிசையில் இருக்கமாட்டாது.

ஆசிரியர் மற்றொன்றும் செய்யலாம். பருவத் தேர்வு வரை காத்திராமல், முதல் மாதத்திலேயே ஒரு பக்க விடை எழுதச் செய்து, எங்கே பிழை, எங்கே நன்று என்று ஓரத்தில் குறித்துத் திருப்பித் தரவேண்டும். 'இன்னும் நன்றாக எழுதுக' என்ற குறிப்பினால் பயனில்லை; 'முடிவைச் சொன்னாய், காரணத்தைச் சொல்லவில்லை' என்பதனால் பயனுண்டு.

இனி வீட்டார். வழிகாட்டி நூல்களுக்குச் செலவிடுமுன், கடைகளில் 'பேர் ஆக்ட்' என்று விற்கும் மூலச் சட்ட நூல்களை வாங்கித் தாருங்கள். மதிப்பெண்ணை மட்டும் கேளாமல், "இந்த வாரம் என்ன வழக்குப் படித்தாய்? எனக்கு விளங்கும்படி சொல்" என்று கேளுங்கள். பாட்டிக்கு விளங்கும்படி ஒரு வழக்கைத் தமிழில் சொல்லக்கூடிய பிள்ளைக்கு அவ்வழக்கு விளங்கிவிட்டது என்று பொருள். அதே சமயம், பங்காளிகளின் வரப்புத் தகராற்றுக்கு முதல் ஆண்டிலேயே அப்பிள்ளையிடம் தீர்வு கேளாதீர்கள்!

இவ்வளவு முயற்சி எதற்கு? உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம். கேரளத்தின் கீழ் நீதிமன்றங்களில் மலையாளமும் ஆங்கிலமும். எல்லைப்புறத்துத் தமிழ்த் தொழிலாளி தன் குறையைச் சொல்லும்போது, அது வேறு மொழிக்கு மாறித்தான் நீதிபதியை அடைகிறது. குறையைத் தெரிவிக்கும் விண்ணப்பத்தை நாட்டில் வழங்கும் எம்மொழியிலும் அரசு அதிகாரிக்கு அளிக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு. அவ்வுரிமையை அறிந்து, அம்மொழியையும் அறிந்த வழக்கறிஞர் வேண்டாமா?

பாலக்காட்டில் 1915-இல் பிறந்த வி. ஆர். கிருஷ்ணய்யர், தலசேரியில் வழக்கறிஞராக இருந்து, 1973 முதல் 1980 வரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக விளங்கினார். ஏழைகளுக்குச் சட்ட உதவி கிடைக்க உழைத்தவர்களுள் முன்னணியில் நின்றவர் அவர். இலவசச் சட்ட உதவி 1976-இல் அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது. 1987-இல் அதற்கெனத் தனிச் சட்டமும் வந்தது. அச்சட்டம் ஏட்டோடு நில்லாமல் எளியோரைச் சென்றடைய, அவர்கள் பேச்சைக் கேட்டு விளங்கிக்கொள்ளும் இளைஞர்கள் வேண்டும்.

உங்கள் வீட்டிலோ அயலிலோ இவ்வாண்டு சட்டம் பயிலத் தொடங்கியிருக்கும் பிள்ளை ஒன்று இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அழைத்து உட்காரவைத்து, ஒரு வழக்கைச் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறினாலும் பொறுமையுடன் கேளுங்கள்.